டீ ஸ்டாலைத் தவிர்த்துப் போகும் வழி

4 மே, சனி

பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது மணி எட்டு. காஜாங் வரைக்கும் ரயில், அங்கிருந்து செமினிக்கு பஸ். மகள் ஏமியின் அபார்ட்மெண்ட் வாசலில் பெட்டியை இறக்கியபோது பதினொன்று. ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்த மீன் குழம்பு வழியிலேயே கசிந்து, என் இரண்டு நல்ல கவுனிலும் மஞ்சள்.

ஏமிக்கு வலது கணுக்காலில் மாவுக்கட்டு. போனைப் பார்த்துக்கொண்டே படி இறங்கியிருக்கிறாள். இன்னும் இரண்டு வாரத்தில் கடைசி வருட ப்ராஜெக்ட்டை யூனிவர்சிட்டியில் ஒப்படைக்க வேண்டும். கூட இருந்த பெண் படிப்பை முடித்துக்கொண்டு கூச்சிங் போய்விட்டாள். அதனால் நான். பதினைந்து நாள் சமைக்க, துவைக்க, கடைக்குப் போய் வர.

“மம்மி, இங்க எல்லாத்துக்கும் கார் வேணும். உனக்கு கஷ்டம் லா,” என்றாள்.

“நான் பிரிக்பீல்ட்ஸ்ல பொறந்து வளந்தவ. ரெண்டு கால் போதும்,” என்றேன்.

இந்த நோட்டை மேசை மேலேயே வைக்கலாம். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது.

6 மே, திங்கள்

இரண்டு கால் போதாது.

பால்கனியில் நின்று பார்த்தால் கடைவரிசை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இறங்கி நடந்தால் நடுவில் பெரிய ரோடு, லோரி மேல் லோரி. நடக்க ஓரமே கிடையாது. லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாயின் சிமெண்டு விளிம்பில் கம்பி மேல் நடக்கிற மாதிரி போக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் தடியைத் தட்டிக்கொண்டு என்னைவிட வேகமாகப் போவார்கள். இங்கே இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் அரை மணி நேரம் ஒரே திருப்பத்தில் நின்றேன். பிள்ளைகளிடம் வழி கேட்டால் என் முகத்தைப் பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறார்கள். சீனப் பிள்ளைகள், ஆப்பிரிக்கப் பிள்ளைகள், நம் பிள்ளைகள், யாராக இருந்தாலும் ஒரே மாதிரி. “Six minutes walk, aunty.” அவர்கள் காலுக்கு ஆறு நிமிடம்.

கடைவரிசையின் கடைசியில் ஒரு டோபி. நடத்துகிறவள் பெயர் ரமணி, நாற்பது வயசு இருக்கும். துவைத்துக் காயவைத்து மடித்தும் கொடுப்பாளாம். படுக்கை விரிப்பு, துண்டு, மஞ்சளான கவுன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தேன். “புதுசா ஆன்டி? எதுனாலும் வந்து கேளுங்க,” என்றாள்.

டோபிக்குக் கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் தகரம் போட்ட டீ ஸ்டால். ஆப்பில் கூப்பிட்டால் வருகிற கார்க்காரர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். ஏழெட்டுப் பேர், பாதிக்கு மேல் நம் ஆட்கள். சத்தமான பேச்சு, சிரிப்பு. நான் கைப்பையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கடந்தேன்.

7 மே, செவ்வாய்

ஏமியின் லேப்டாப் திடீரென்று இருண்டுவிட்டது. ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள். பழைய டவுனில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறேன். நாளை மூன்று மணிக்கு வரச் சொன்னான்.

8 மே, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு போலீஸில் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு லேப்டாப்பை வாங்கினேன். சரியாகிவிட்டது, எல்லாம் உள்ளே இருக்கிறது என்று கடைக்காரன் திறந்தே காட்டினான். நீலத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். ஏமி வீட்டிலிருந்தே கார் கூப்பிட்டாள். பழைய வெள்ளி நிற சாகா கார். ஓட்டுகிறவன் பெயர் சுகுமாறன் என்று வந்தது. நல்ல கறுப்பு, ஆள் பெரிய உருவம், தாடி, கையில் சிவப்புக் கயிறு, இரும்பு வளையம். பார்த்ததுமே எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. உள்ளுணர்வு பொய் சொல்லாது.

வழியில் டோபியில் நிறுத்தச் சொன்னேன். துணிக்கூடையை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் அவனே கூடையைத் தூக்கி லிப்ட் வரைக்கும் கொண்டுவந்து வைத்தான். அப்போதே யோசித்திருக்க வேண்டும், எதற்கு இவ்வளவு அக்கறை என்று.

மேலே வந்து அரை மணி நேரம் கழித்து ஏமி கேட்டாள்: “மம்மி, லேப்டாப் எங்க?”

பின்சீட்டில் வைத்தேன். நூறு தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஏமி போன் போட்டாள். கார்ல எதுவும் இல்லை என்கிறான். பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ப்ராஜெக்ட்டைக் கடைசியாக வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்தது மூன்று வாரத்துக்கு முந்தியதாம்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு டீ ஸ்டாலுக்குப் போனேன். அங்கேதான் இருந்தான், எல்லாரோடும் உட்கார்ந்து.

“என் மக லேப்டாப்ப குடுத்துருங்க,” என்றேன்.

அவன் எழுந்து காரின் நாலு கதவையும் திறந்தான். பின்னால் சாமான் வைக்கிற பூட்டையும் திறந்தான். மிதியடியைக்கூடத் தூக்கிக் காட்டினான். “பாருங்க அக்கா. நல்லா பாருங்க,” என்றான். உள்ளே இல்லை. இருக்குமா? அரை மணி நேரம் ஆயிற்றே.

“வேற எங்கயாச்சும் மாத்தியிருப்பீங்க,” என்றேன்.

ஒரு வயசான டிரைவர், “என்னம்மா பேசறீங்க, சுகு அப்படி ஆளில்ல,” என்று குறுக்கே வந்தார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நம்ம இனத்துக்கே கெட்ட பேரு.”

யாரும் பதில் பேசவில்லை. என் பக்கம் நியாயம் இருந்தது, அதனால்தான்.

9 மே, வியாழன்

போலீஸில் ரிப்போர்ட் செய்துவிட்டோம். ஏமி கம்பு ஊன்றிக்கொண்டே வந்தாள். ஆப்பிலும் புகார் எழுதினாள். அவன் போட்டோவையும் கார் நம்பரையும் மாணவர்கள் குரூப்பில் போட்டிருக்கிறாள், மற்றப் பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று. நல்ல காரியம் என்றேன்.

அழுக்குத் துணி இன்னும் ஒரு மூட்டை. டோபி இன்றைக்கு அடைப்பு.

10 மே, வெள்ளி

என்ன எழுத.

காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு டோபிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ரமணி மேசைக்கடியில் குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் நீலத் துணிப்பை.

“என்ன ஆன்டி, இவ்வளவு பெரிய சாமான விட்டுட்டு போய்ட்டீங்க? நேத்து கட அடைப்பு, உங்க நம்பரும் இல்ல. உள்ள வச்சு பூட்டிட்டேன்.”

நான், “கார்லதான வச்சேன்,” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

“இல்லியே. கையில புடிச்சிட்டுதான் உள்ள வந்தீங்க. கூடையத் தூக்கறப்ப அந்த மெஷின் மேல வச்சீங்க.”

அவள் கையைக் காட்டிய மெஷினைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது. காரிலிருந்து இறங்கப் போனேன். பையைப் பின்சீட்டில் வைத்தேன் – அது நிஜம். கதவை மூடும் முன்னால் அவர் பின்கழுத்தைப் பார்த்தேன். இந்த ஆளை நம்பி எப்படி வைத்துவிட்டுப் போவது என்று நினைத்தேன். திரும்பக் குனிந்து பையை எடுத்துக்கொண்டேன். கதவைக் கொஞ்சம் அடித்தே சாத்தினேன்.

அவரை நம்பாததால் எடுத்தேன். எடுத்ததை மறந்தேன். மறந்ததற்கு அவரைத் திருடன் என்றேன்.

புதன்கிழமை எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். உள்ளுணர்வு பொய் சொல்லாதாம். கிழித்துவிடலாம் என்று பக்கத்தைப் பிடித்தேன். கிழிக்கவில்லை. 

இதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. வீட்டுக்கு வந்தேனே, ஏமி பையைப் பார்த்துக் கத்தினாளே, “எங்க கெடச்சிச்சு?” என்று கேட்டாளே – அப்போது என்ன சொன்னேன்? வாசலில் செக்யூரிட்டி கார்டு ரூமில் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. ஐம்பத்தேழு வயசில், பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், பிள்ளைகள் பொய் சொன்னால் முகத்திலேயே கண்டுபிடிக்கிறவள்.

ஏமி கட்டிப்பிடித்துக்கொண்டாள். “பாத்தியா மம்மி, ரிப்போர்ட் போட்டதும் பயந்து கொண்டாந்து வச்சிட்டான்.”

நான் தலையை ஆட்டினேன்.

11 மே, சனி

கடைக்குப் போக வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன். அபார்ட்மெண்ட் பின்பக்கமாக இறங்கி, லோங்காங் ஓரமாகவே போய், மார்க்கெட்டைச் சுற்றி வந்தால் டீ ஸ்டால் கண்ணில் படாது. இருபத்தைந்து நிமிடம் கூடுதல்.

12 மே, ஞாயிறு

காஜாங் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பஸ்ஸில் போனேன். கார் வேண்டாம் என்றதும் ஏமி, “இன்னும் பயமா மம்மி? பாவம் நீ,” என்றாள்.

சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையாக எழுந்தார்கள். பக்கத்திலிருந்த அம்மா எனக்கு வழிவிட்டு முழங்காலை ஒதுக்கினார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, என்னைத் தாண்டிப் போனார்.

திரும்பும்போது பஸ் பழைய டவுனில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளி நிற சாகா. சட்டென்று குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி இருந்தேன். அது அவர் கார் இல்லை. ஊரில் பாதிப் பேர் அந்தக் கார்தான் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் மேசை மேல் கேக், ஒரு கார்டு. அன்னையர் தினம் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. ஏமி பேனாவால் எழுதியிருந்தாள்: Thank you for fighting for me.

கேக் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

13 மே, திங்கள்

ரமணிக்குத் தெரிந்துவிட்டது.

துணியை வாங்கப் போனேன். அவள் விரிப்பை மடித்துக்கொண்டே தன் பாட்டுக்குப் பேசினாள். “நம்ம சுகு அண்ணன் பாவம் ஆன்டி. சுகுமாறன். டீ ஸ்டால்ல நிப்பாரே, தாடி வச்சவரு. ஆப்ல அவர நிறுத்தி வச்சிட்டாங்க. வெள்ளிக்கிழம போலீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்களாம். யாரோ ஒரு ஆன்டி லேப்டாப் காணோம்னு–”

அங்கே நின்றுவிட்டாள். கையிலிருந்த விரிப்பை மெதுவாக மடித்து முடித்தாள். மேலே இன்னொன்றை வைத்தாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள்.

“ஆன்டி. அது நீங்களா?”

நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வெள்ளிக்கெழம காலையிலயே குடுத்தேனே ஆன்டி. அவர ஸ்டேஷனுக்கு கூப்பிட்டது மத்தியானம்.”

மத்தியானம். காலையில் வீட்டுக்கு வந்ததுமே ஒரு போன் போட்டிருந்தால் அவர் அங்கே போயிருக்கவே மாட்டார். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஏமிக்குப் பிடிக்கும் என்று கோழி வறுத்துக்கொண்டிருந்தேன்.

துணிக்கட்டை எப்போதும் ரமணியே கூடையில் அடுக்கித் தருவாள். இன்றைக்கு மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

14 மே, செவ்வாய்

ஏமியிடம் சொன்னேன்.

நாளை ப்ராஜெக்ட்டைக் கொடுக்கிறாளே, கொடுத்த பிறகு சொல்லலாம் என்று ஒரு மனசு. அதுவும் சாக்குதான். காலையில் அவள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்து, நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெஷின் மேல் வைத்தது, கார்டு ரூம் பொய், எல்லாம்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் போனை எடுத்து எதையோ தேடினாள். பிறகு அதை என் பக்கம் திருப்பினாள். குரூப்பில் அவள் போட்ட போட்டோ. சுகுமாறனின் முகம். அதன் கீழே பிள்ளைகள் எழுதியது. நான் படிக்கப் படிக்க அவள் விரலால் நகர்த்திக்கொண்டே போனாள். Typical. Looks like gangster also. இவங்கள எல்லாம் வேலைக்கு எடுக்கவே கூடாது. முடியவேயில்லை, போய்க்கொண்டே இருந்தது.

“இருநூத்தி சொச்சம் பேரு ஷேர் பண்ணியிருக்காங்க மம்மி,” என்றாள். “நான் அவர பாத்ததுகூட இல்ல. நீ சொன்னத வச்சு எழுதினேன். ரொம்ப நல்லா எழுதினேன் வேற.”

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருக்கலாம். போட்டோவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நடந்ததை இங்கிலீஷில் எழுதினாள். ‘என் அம்மா’ என்று எழுதப் போய், அழித்து, ‘நாங்கள்’ என்று மாற்றினாள். அதைப் பார்த்தேன். என் அம்மா என்றே போடு என்றேன். அவள் போடவில்லை.

15 மே, புதன்

காலையில் ப்ராஜெக்ட்டை ஒப்படைத்தாள். அங்கிருந்து இரண்டு பேருமாக போலீஸ் ஸ்டேஷன்.

ஒரு மலாய் சார்ஜெண்ட், பெண். என் மகளைவிட ஏழெட்டு வயசு மூத்தவராக இருப்பார். பொருள் எங்கே கிடைத்தது, எப்போது என்று கேட்டு டைப் அடித்தார். பத்தாம் தேதி என்றேன். விரல் நின்றது. “செபுலு?” என்றார். ஆமாம், பத்து. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

கையெழுத்துப் போட்டதும் சொன்னார்: “லைன் காலி சாரி டுலு, யா மக்சிக்.” அடுத்த தடவை முதலில் தேடிப் பாருங்கள் அம்மா என்று. மரியாதையாகத்தான் சொன்னார். காது சுட்டது.

ஏமி ஆப் கம்பெனிக்கும் எழுதி, ரிப்போர்ட்டை மாற்றிய காகிதத்தையும் அனுப்பினாள். பார்த்துப் பதில் சொல்வார்களாம்.

16 மே, வியாழன்

டோபி அடைப்புதான், ஆனால் ரமணி உள்ளே கூட்டிக்கொண்டிருந்தாள். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, சுகுமாறன் வீடு எங்கே என்று கேட்டேன். துடைப்பத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் மஞ்சள் பிளாட், ‘சி’ புளோக், கீழ்வீடு.

நான் ஐந்து நாளாகச் சுற்றிச் சுற்றிப் போன வழி அந்த பிளாட்டை ஒட்டித்தான் போகிறது. அவரைத் தவிர்ப்பதாக நினைத்துத் தினமும் அவர் வீட்டு வாசலைக் கடந்திருக்கிறேன்.

வாசலில் கார் நின்றது. ஓடாத கார். அவர் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கோபப்படவில்லை. முதலில் அவர் முகத்தில் வந்தது பயம் – இவள் இன்னும் என்ன சொல்ல வந்திருக்கிறாள் என்கிற மாதிரி. அத்தனை பெரிய உருவம், என்னைப் பார்த்துப் பயப்படுகிறது.

சொன்னேன். மன்னிச்சிருங்க தம்பி என்றேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் துணியைப் பிழிந்து, உதறி, காரின் மேல் விரித்துப் போட்டார்.

“நீங்க கார்ல ஏறின ஒடனேயே கதவு லாக்க ரெண்டு தடவ தொட்டுப் பாத்தீங்க அக்கா. கண்ணாடியில தெரிஞ்சிச்சு,” என்றார். “பழகிப்போச்சு. எல்லாரும் அப்படித்தான். நம்ம ஆளுங்க பாத்தா மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்.”

அவர் வாளியை அடுத்த சக்கரத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

“எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ அந்த யூனிவர்சிட்டிலதான் படிக்கிறா. ரெண்டாவது வருஷம். அந்தக் குரூப்ல அவளும் இருக்கா.” வீட்டுக் கதவைப் பார்த்தார். “என்கிட்ட அவ ஒன்னும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சாப்பாடு போட்டுக் குடுத்துட்டு ரூமுக்குள்ள போய்ட்டா.”

உள்ளே ஏதோ பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணா, அவர் மனைவியா தெரியவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. யாரும் வெளியே வரவில்லை.

உங்களுக்கு நான் என்ன செய்யணும் சொல்லுங்க என்று கேட்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கேள்வியும் அசிங்கமாக இருக்கிறது. ஏதாவது செய்து முடித்துவிட்டுப் போகலாம் என்பது போல.

“இங்க வந்து சொல்றது ஈசி அக்கா. இங்க யாரும் இல்ல,” என்றார். “அன்னிக்கு எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க.”

பிறகு உட்கார்ந்து அடுத்த சக்கரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

17 மே, வெள்ளி

ரோட்டைத் தாண்டி முக்கு வரைக்கும் போனேன். தகரக் கூரை தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன். ஏமியிடம் மழை வருகிற மாதிரி இருந்தது என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

18 மே, சனி

போய்விட்டு வந்தேன்.

ஏமி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம், நீ அங்கே வந்து பேசவில்லை, நான்தான் பேசினேன் என்றேன். காலை ஒன்பதரை. நேர் வழியிலேயே போனேன். ஆறு நிமிடமா எவ்வளவோ, பார்க்கவில்லை.

ஐந்து பேர் இருந்தார்கள். சுகுமாறன் கடைசி மேசையில், முன்னால் ஒரு கிளாஸ் தே தாரிக், ஆற்றிய பால் டீ. நான் வருவதைப் பார்த்தார், பார்வையைக் கிளாஸில் வைத்துக்கொண்டார். நான் நடுவில் போய் நின்றேன். உட்காரவா, நின்றே பேசவா என்று தெரியவில்லை. அன்றைக்கு இந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை.

பேச ஆரம்பித்தேன். பாதியிலேயே, அன்றைக்குக் குறுக்கே வந்த அந்த வயசான டிரைவர் – பாலன் என்று கூப்பிட்டார்கள் – காதில் கை வைத்தார்.

“சத்தமா சொல்லுங்கம்மா. கேக்கல.”

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கவில்லை. என் குரல் அவ்வளவுதான் வந்திருக்கிறது. அன்றைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். லேப்டாப்பை இவர் எடுக்கவில்லை. நான்தான் டோபியில் வைத்து மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே கிடைத்தும் வெளியே சொல்லவில்லை. அதோடு நிறுத்தலாம் என்று இருந்தது. நிறுத்தினால் மறதி என்று ஆகிவிடும். மறதி மட்டும் இல்லையே. அதனால் அதையும் சொன்னேன்: “இவரப் பாத்து, இவரு உருவத்தப் பாத்து நம்பாமதான் பைய கையோட எடுத்துட்டுப் போனேன். நம்ம இனத்துக்கு கெட்ட பேருன்னு சொன்னேன். அத சொல்ல எனக்கு யோக்கியத இல்ல.”

ஸ்டால்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. ஒருவர் போனில் ஆர்டர் வந்து பாதியிலேயே எழுந்து போய்விட்டார். புதிதாக வந்த ஒருவர், “யாருங்க இவங்க?” என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். “அப்பறம் சொல்றேன்,” என்றார் அவர். நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன்? எல்லாரும் வாயடைத்து நிற்பார்கள் என்றா? அவர்களுக்கு இது ஒரு சனிக்கிழமை காலை.

சுகுமாறன் கிளாஸை நகர்த்தி வைத்தார். “சரி,” என்றார். அவ்வளவுதான்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். பாலன்தான், “போய்ட்டு வாங்கம்மா. வெயில் ஏறுது,” என்றார்.

திரும்பும்போது டோபி வாசலில் ரமணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. தலையை லேசாக அசைத்தாள். நானும் அசைத்தேன்.

நாளைக்குப் பிரிக்பீல்ட்ஸ் கிளம்புகிறேன். ஏமி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக நடக்கிறாள்.

9 ஜூன், ஞாயிறு

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். நடுவில் பலகை இருந்தது, முகம் தெரியாது, மெதுவாகப் பேசினால் போதும். டீ ஸ்டாலில் அந்த வசதி எதுவும் இல்லை.

ஆப் கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை என்று ஏமி சொன்னாள். மறுபடி எழுதியிருக்கிறாளாம். நான் கேட்பதற்கு முன்பே அவளாகச் சொன்னாள்.

27 ஜூன், வியாழன்

இன்று பாசாருக்குப் போகும் வழியில் ஒரு பையன், கழுத்தில் பச்சை குத்தியவன், எதிரே வந்தான். என் கை தானாகப் பைமேல் போய்விட்டது. அவனும் பார்த்தான். வீட்டுக்கு வரும்வரை அந்தக் கையையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஐம்பத்தேழு வருஷத்துக் கை.

20 ஜூலை, சனி

ஏமி அறையைக் காலி செய்கிற நாள். காலையிலேயே செமினி போய்விட்டேன். நான்கு ஆண்டு படிப்பு இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர், ஒரு தலையணை என்று முடிந்தது. கணுக்கால் சரியாகிவிட்டது, படியில் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள். போனைப் பையில் போட்டுவிட்டு.

கீழே சாமான்களை அடுக்கிவைத்துவிட்டு, காஜாங் ஸ்டேஷனுக்குக் கார் கூப்பிட்டாள். ஆப்பில் சுற்றிச் சுற்றித் தேடியதில் ஒரு பெயர் வந்தது. ஏமி போனை என்னிடம் நீட்டினாள்.

சுகுமாறன். வெள்ளி நிற சாகா. நாலு நிமிடம்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்கு முதலில் அதுதான் தோன்றியது. ஏமி என் கையைப் பிடித்தாள். அவர் வந்தால் என்ன சொல்வது, பெட்டியைத் தூக்க விடக்கூடாது, நாமே வைக்க வேண்டும், முன்சீட்டில் உட்காரலாமா என்றெல்லாம் மளமளவென்று யோசித்தேன். திரையில் அந்தச் சின்னக் கார் மார்க்கெட்டைத் தாண்டி, பெரிய ரோட்டில் திரும்பி, எங்கள் சந்து முனை வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. நகரவில்லை.

பிறகு ஒரு மெசேஜ் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அதனால் ஏமியே வாசித்துக் காட்டினாள்:

“வேற கார் எடுங்க அக்கா.”

அடுத்த நொடி அவர் பெயர் திரையிலிருந்து போய்விட்டது. ஏமி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் வருத்தம் என்று சொல்ல முடியாது. பெயரைப் பார்த்ததுமே அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சந்து முனை வரைக்கும் வந்திருக்கிறார். வந்து, முடியவில்லை.

“இன்னொன்னு கூப்பிடு,” என்றேன்.

பத்து நிமிடம் ஆகும் என்று வந்தது. பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தோம்.